இசட் டெஸ்டா, டி டெஸ்டா?

புராஜெக்ட் நேரத்தில் எல்லோரும் கேட்பது இது. இரண்டுமே மாதிரியை (எடுத்து அளந்த சிலவற்றை) வைத்து முழுத்தொகுதியின் (மொத்தத்தின்) சராசரியைப் பற்றி முடிவு சொல்லும் புள்ளியியல் வழிகள். கையில் 10 பால் பாக்கெட். அட்டையில் 500 மில்லி. அளந்தால் சராசரி 496, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது) 6 என்று வைத்துக்கொள்வோம். 95% நம்பிக்கை இடைவெளி (இதே முறையில் திரும்பத் திரும்பக் கணக்கிட்டால் 100-க்குச் சுமார் 95 முறை உண்மையான சராசரியைப் பிடிக்கும் எல்லை) என்ன? 6-ஐ √10-ஆல் வகுத்து, ஓர் எண்ணால் பெருக்கி, சராசரியிலிருந்து கழித்தும் கூட்டியும் பார்க்கணும்.

இசட்: பெருக்கும் எண் 1.96. விடை 492.3 முதல் 499.7 வரை. 500 வெளியே, "அளவு குறைகிறது" என்று சொல்லிவிடலாம்.
டி: பெருக்கும் எண் 2.262. விடை 491.7 முதல் 500.3 வரை. 500 உள்ளே, குற்றம் சொல்ல ஆதாரம் போதாது.

அந்த 6 எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். அதே 10 பாக்கெட்டிலிருந்து கணக்கிட்டது என்றால் அதுவும் ஓர் உத்தேசமே. அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் டி இடைவெளியை அகலமாக்குகிறது. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த காசெட், சிறு மாதிரிகளோடு மல்லுக்கட்டி, 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் இதை வெளியிட்டார்.

என்ன தேவை?
இசட்: முழுத்தொகுதியின் திட்ட விலக்கம் முன்பே தெரியவேண்டும். நிஜத்தில் இது அபூர்வம்.
டி: மாதிரி மட்டும் போதும்.

வசதி?
இசட்: ஒரே எண், மனப்பாடமாகிவிடும்.
டி: மாதிரி அளவுக்கேற்ப அட்டவணை பார்க்கணும். ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் ஒரு வரிக் கட்டளை.

மாதிரி 100 என்றால் டி எண் 1.984, வித்தியாசம் பைசா பெறாது. (தரவு ஒருபக்கம் சாய்ந்து, மாதிரியும் சிறிதானால் இரண்டும் கைவிடும்.)

பல வருடப் பதிவேடு உள்ள தொழிற்சாலைக்கு இசட். மற்ற எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு டி போடுங்கள்.