பிரிக் லேன் லெகோ கண்காட்சி: கொத்தனார் மகனோடு போய் வந்தேன்

லண்டன் பிரிக் லேனில் இருக்கும் பழைய ட்ரூமன் பீர் ஆலைக்கு லெகோ என்ற பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளில் செய்த சிலைகளின் 'தி ஆர்ட் ஆஃப் தி பிரிக்' கண்காட்சி முதலில் வந்தது 2014-ல். அப்போது நாங்கள் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, வாடகையும் ரயில் செலவும் போகக் கையில் ஒன்றும் மிஞ்சாத நேரம், அதனால் போகவில்லை. 2024 மார்ச்சில் அதே இடத்துக்குத் திரும்ப வந்திருக்கிறது என்று தெரிந்ததும் இந்தத் தடவை விடக்கூடாது என்று ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் பிடித்து ஆல்ட்கேட் ஈஸ்டில் இறங்கினால் அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

"லெகோவா? குழந்தைங்க சமாச்சாரம்ல அது" என்றுதான் என் வீட்டுக்காரர் கிளம்பினார். இவருடைய அப்பா திருவண்ணாமலைப் பக்கத்தில் கொத்தனார். பள்ளிக்கூட லீவில் எல்லாம் அப்பாவோடு போய்க் கல் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவர் இவர், இன்றைக்கும் லண்டனில் எந்தச் செங்கல் சுவரைப் பார்த்தாலும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். பிரிக் லேன் என்ற பெயரே அந்தக் காலத்தில் அங்கே களிமண் எடுத்துச் செங்கல்லும் ஓடும் செய்ததால் வந்தது, நம் சென்னையில் சூளை என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்த மாதிரி. வழியில் இதைச் சொன்னதும் இவருக்கு நடையே மாறிவிட்டது.

சிலைகளைச் செய்தவர் நேத்தன் சவாயா என்ற அமெரிக்கர். நியூயார்க்கில் வக்கீலாக இருந்தவர், 2004-ல் அந்த வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் லெகோவில் சிற்பம் செய்ய வந்தார், 2007-ல் பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் முதல் தனிக் கண்காட்சி. பத்து வயதில் நாய் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், வீட்டில் வாங்கித் தரவில்லை, கட்டிவைத்திருந்த லெகோ நகரத்தைப் பிரித்து அதே கட்டைகளில் ஆள் உயரத்துக்கு இல்லாவிட்டாலும் நிஜ நாய் அளவுக்கு ஒரு நாயைச் செய்துகொண்டாராம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. வேண்டியது கிடைக்காத பிள்ளை கையில் இருப்பதை வைத்து அதையே செய்துகொள்வது, நம் ஊரில் நுங்கு வண்டி உருட்டிய எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே.

உள்ளே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகள். புகழ்பெற்ற ஓவியங்கள், சிலைகளின் லெகோ வடிவங்கள் ஒரு பகுதி. மோனா லிசா 4,573 கட்டைகள். கிட்டே நின்றால் பழுப்பும் மஞ்சளுமாகச் சதுரங்கள்தான் தெரியும், பத்தடி பின்னால் வந்தால் அந்தச் சிரிப்பு வருகிறது. வான் கோவின் நட்சத்திர இரவும் உண்டு. கிளிம்ட்டின் 'முத்தம்' ஓவியத்துக்கு மட்டும் 18,893 கட்டைகள் போயிருக்கின்றன, அந்தப் பொன்னிற அங்கியின் கட்டங்களும் வட்டங்களும் லெகோவுக்கென்றே வரைந்ததுபோல இருக்கின்றன. அங்கே நாங்கள் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், இந்தப் பகுதி எனக்கு வியப்பைத் தந்தது, அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அசலை யாரோ ஏற்கெனவே யோசித்துவிட்டார்கள், இங்கே நாம் பார்ப்பது கைத்திறனை.

இவர்தான் எனக்கு வேறு மாதிரிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். முகத்தை விட்டுவிட்டுக் கட்டைகள் சேரும் மூட்டைப் பார் என்றார். சுவர் கட்டும்போது மூட்டுக்கு மேல் மூட்டு வரக்கூடாது, கீழ் வரியில் இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேல் அடுத்த வரிக் கல்லின் நடுப்பாகம் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சுவர் நேர்கோடாக வெடித்துவிடும், ஓரத்தில் கணக்கு இடித்தால் அரைக்கல் போட வேண்டும். இதையேதான் இங்கேயும் செய்திருக்கிறார்கள். தோள்பட்டையின் வளைவு, கன்னத்தின் சரிவு எல்லாமே சதுரக் கட்டையை ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, வெளியே தள்ளிக் கொண்டுவந்தது. வளைந்த கட்டை எதுவும் கண்ணில் படவில்லை. சவாயா பெரும்பாலும் கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டைகளையே எடுத்துக்கொள்கிறார், பார்த்துவிட்டுப் போகும் பிள்ளை வீட்டில் தானும் செய்து பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு கட்டையையும் பசை போட்டு ஒட்டுகிறார், தப்பாகிவிட்டால் உளியும் சுத்தியும் வைத்து உடைத்தெடுக்க வேண்டும். உளி என்றதும் இவர் "அப்போ அவரும் நம்ம ஆளுதான்" என்றார்.

மனித உருவங்கள் இருக்கும் பகுதிக்கு வந்த பிறகு நாங்கள் பேசவே இல்லை. 'மஞ்சள்' என்று ஒரு சிலை, 11,014 கட்டைகள், இடுப்புக்கு மேல் மட்டும் ஒரு மனிதன். தன் நெஞ்சைத் தானே இரண்டு கையாலும் கிழித்துத் திறக்கிறான், உள்ளிருந்து மஞ்சள் கட்டைகள் கொட்டி அவன் முன்னால் குவிந்து கிடக்கின்றன. படத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் நேரில் பார்க்கும்போதுதான் அந்தக் குவியல் எவ்வளவு தாறுமாறாக இருக்கிறது என்பது தெரிகிறது. உடம்பு முழுக்க ஒரு கட்டை பிசகாமல் வரி வரியாகக் கட்டியவர், உள்ளே இருப்பதை மட்டும் அப்படியே கொட்டவிட்டிருக்கிறார். ஊரை விட்டு வந்த முதல் வருடத்தில் நான் அப்படித்தான் இருந்தேன், வேலைக்குப் போய் வந்து ஒழுங்காக நின்றுகொண்டிருந்தேன், யாராவது அன்பாக ஒரு வார்த்தை கேட்டால் கொட்டிவிடும் நிலைமை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றார். இந்த ஒரு சிலைக்காகவே டிக்கெட் காசு தகும்.

இந்தக் கண்காட்சி எங்காவது திரும்ப வந்தால், போகிறவர்கள் முதலில் சிலையைச் சுற்றி வந்து நன்றாகப் பாருங்கள், பக்கத்தில் எழுதியிருப்பதை அப்புறம் படியுங்கள். முதலிலேயே படித்துவிட்டால் அவர் சொன்னதைத்தான் பார்ப்போம்.

டைனோசர் எலும்புக்கூடு 20 அடி நீளம், 80,020 கட்டைகள், பிள்ளைகள் கூட்டம் அதைச் சுற்றித்தான், அது நியாயமும்கூட. புகைப்படக் கலைஞர் டீன் வெஸ்ட்டோடு சேர்ந்து செய்த படங்களும் பார்க்க வேண்டியவை, நிஜக் காட்சிக்குள் ஏதோ ஒரு பொருள் மட்டும் லெகோவில் இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நேரம் போவதே தெரியாது.

கடைசியில் நாமே கட்டிப் பார்க்க ஓர் இடம் இருந்தது. எட்டுக் குமிழ் வைத்த கட்டை ஆறே ஆறு இருந்தால் போதும், 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் அவற்றைச் சேர்க்கலாம் என்பது கணிதக்காரர்கள் போட்ட கணக்கு. இவர் அதில் ஒரே ஒரு விதத்தைத்தான் கட்டினார், ஒரு சுவர். மூட்டு மாற்றி, ஓரத்தில் அரைக்கல் வைத்து, ஜன்னலுக்கு இடம் விட்டு, மேலே விட்டமும் போட்டு. பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று தான் கட்டிய கோபுரம் சாயச் சாய, இவருடையதைப் பார்த்துப் பார்த்துத் தன்னுடையதை மாற்றிக்கொண்டே இருந்தாள். நாற்பது நிமிடம் அங்கேயே போனது. நீங்கள் போனால் மொத்தமாக இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இல்லாத தம்பதிகளும் தயங்காமல் போங்கள்.

வெளியே வந்து அதே தெருவில் சூடாக பேகல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி வீட்டிலிருந்து மாமாவுக்கு, அதாவது இவருடைய அப்பாவுக்கு, வீடியோ கால் போட்டோம். அங்கே விடியப்போகும் நேரம், அவர் எப்போதும் எழுந்துவிடுவார். 'மஞ்சள்' சிலையின் படத்தை அனுப்பினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, தோளைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், நெஞ்சிலிருந்து கொட்டுவதைப் பார்த்தார்.

"வரி சுத்தமா வந்திருக்குதும்மா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "பூசாம விட்டாரு பாரு, அதுதான் நல்லாருக்குது."