தோலுக்கு ஒரு வரி: மூன்று லட்சம் வரிகளைத் தரவுத்தளத்தில் ஏற்ற எந்த வழி?

ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளுக்கான (தோல் பதனிடும் ஆலைகள்) கையிருப்புக் கணக்கு மென்பொருளை வேலூரிலிருந்து பராமரிக்கிறோம். பதனிட்ட தோல் ஒவ்வொன்றையும் தனித்தனியே சதுர அடியில் அளப்பார்கள். அதனால் கோப்பில் தோலுக்கு ஒரு வரி. மூன்று லட்சம் வரிகள் கொண்ட சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) தரவுத்தளத்தில் ஏற்றும்போது சர்வர் உறைந்துவிடும். வாசலில் லாரி நிற்கும்; சரக்கோடு போகும் செலான் சீட்டு அடிக்க முடியாது. இதற்குச் சொல்லப்படும் மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன்.

நினைவகத்தைக் கூட்டுவதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. முழுக் கோப்பையும் நினைவகத்தில் வாங்கிக்கொள்ளும் ஜாவா நிரலுக்கு அது சில மாதம் தாங்கும். எங்கள் சிக்கல் அங்கே இல்லை. பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை ஜேஸ்டாக் (ஜாவா நிரலின் ஒவ்வொரு இழையும், அதாவது இணையாக ஓடும் வேலையும், எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி) எடுத்துப் பார்த்தேன். இழைகள் எல்லாம் தரவுத்தள இணைப்புக்காகக் காத்துக் கிடந்தன. நிரலுக்கு முன்னால் நிற்கும் வலைச் சர்வரான என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடிதான் பதிலுக்குக் காத்திருக்கும். பிறகு திரையில் 504 என்ற ‘நேரம் கடந்தது’ பிழை வரும், ஏற்றியவர் பதறிப்போய் மறுபடி பொத்தானை அழுத்துவார். முதல் ஏற்றம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அதே வரிகளின் பூட்டு (ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றதை நிறுத்திவைப்பது) விடுபடுவதற்காக நிற்கும். தரவுத்தள இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிரும் ஹிகாரி இணைப்புத் தொகுப்பின் இயல்பு அளவு 10. மூன்று கிடங்குகளில் நாலைந்து முறை அழுத்தினால் செலானுக்கு ஓர் இணைப்பும் மிஞ்சாது. அழுத்தியவர்மேல் கோபப்படுவது அநியாயம். வேலை நடக்கிறது என்று திரை அவருக்குச் சொல்லவே இல்லை. ஆகவே எந்த வழியை எடுத்தாலும், ஏற்றத்தை வலைக் கோரிக்கையிலிருந்து பிரித்து, வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னணியில் ஓட விடுங்கள்.

இரண்டாவது வழி, ஆயிரம் ஆயிரம் வரிகளாகச் செருகி அவ்வப்போது கமிட் செய்வது (அதுவரை எழுதியதை நிரந்தரமாக்குவது). நிரலில் மாற்றம் குறைவு, பூட்டுகளும் சீக்கிரம் விடுபடும். வரிக்கு வரி கமிட் செய்தால் ஒவ்வொன்றும் வட்டில் எழுதி முடியும்வரை நிற்கும். அந்தச் சுமை இதில் இல்லை. ஒரு கட்டளையில் 65,535 அளவுருக்கள்தான் (கட்டளையோடு அனுப்பும் மதிப்புகள்) எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஏற்கும் என்பதால் 20 பத்திகள் என்றால் 3,276 வரிகளோடு நிறுத்த வேண்டும். பாதியில் அறுந்தால் எதுவரை ஏறியது என்ற கணக்கும் நம் பொறுப்பு.

மூன்றாவது, கோப்பை மொத்தமாக அட்டவணையில் ஏற்றும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் காப்பி (COPY) கட்டளை. வேகத்தில் மற்றவை இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் சதுர அடியில் எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்து விழுந்தாலும் மொத்த ஏற்றமும் ரத்தாகும். பிழையான வரியைத் தாண்டிச் செல்லும் வசதி போஸ்ட்கிரெஸ்கியூஎல் 17-ஆம் பதிப்பில் வந்திருக்கிறது; எனக்கு அது உடன்பாடில்லை. தாண்டிப்போன வரி ஒரு தோல், ஒருவருடைய காசு. அதனால் எல்லாப் பத்திகளையும் வெறும் எழுத்தாக வைத்த இடைக்கால அட்டவணையில் முதலில் கொட்டி, அங்கேயே சரிபார்த்து, நல்லவற்றை மட்டும் முதன்மை அட்டவணைக்கு மாற்றுகிறேன்.

சில ஆயிரம் வரிகளுக்கு இரண்டாவது வழி போதும். லட்சத்தைத் தொட்டால் காப்பியும் இடைக்கால அட்டவணையும்தான் என் தேர்வு. தவறிய வரிகளின் பட்டியல் அன்றே கிடங்குக்குத் திரும்பிவிடுகிறது. எந்தத் தோலை மறுபடி அளக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.