ஒரு சிறு விமானமும் ஓர் இலவச அறிக்கையும்: பிரிட்டன் விசாரணைப் பிரிவின் சேவை பற்றிய மதிப்பீடு

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு, தான் ஆராயும் விபத்துகள் குறித்த அறிக்கைகளை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் கட்டணமோ பெயர்ப்பதிவோ இல்லாமல் எவரும் தரவிறக்கிப் படிக்கும்படி வெளியிட்டுவருகிறது. ஃபார்ன்பரோவில் இயங்கும் இந்த அமைப்பை, 2025 ஜூன் மாத அகமதாபாத் விபத்துக்குப் பிறகு நம் செய்திகளில் அடிபட்ட இந்திய அமைப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் பெயர்ச்சுருக்கம் ஏஏஐபி என்பதே. சிறு விமான விபத்துகள் பெரும்பாலும் மாதந்தோறும் வரும் தொகுப்பிதழில் சில பக்கங்களோடு முடிந்துவிடும். தனி எண்ணிட்ட முழு அறிக்கை என்ற தகுதியைப் பெறுபவை மிகச் சில. 2020 மார்ச் 13 அன்று வெளியான 1/2020 அறிக்கை அந்தச் சிலவற்றுள் ஒன்று என்பதால், இந்தச் சேவையின் தரத்தை அதை வைத்தே எடைபோடுகிறேன்.

அது ஆராயும் விபத்து பலருக்கும் நினைவிருக்கும். 2019 ஜனவரி 21 இரவு, பிரான்சின் நான்ட் நகரிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் நகருக்குச் சென்றுகொண்டிருந்த பைப்பர் மாலிபு விமானம் ஆங்கிலக் கால்வாயில், கெர்ன்சி தீவுக்கு வடக்கே விழுந்தது. ஒற்றை பிஸ்டன் எஞ்சினும் ஆறு இருக்கைகளும் கொண்ட அந்த விமானம் 1984இல் தயாரானது. என்264டிபி என்ற அமெரிக்கப் பதிவெண்ணோடு பறந்தது. அதில் இருந்தவர்கள் இருவர்: விமானியும், இரண்டு நாட்களுக்கு முன்புதான் கார்டிஃப் சிட்டி அணி தன் புதிய வீரராக அறிவித்திருந்த 28 வயது அர்ஜென்டினக் கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவும். அதிகாரபூர்வத் தேடல் மூன்று நாட்களில் நிறுத்தப்பட்டது. பொதுமக்கள் திரட்டிய நிதியில் தனியார் தேடல் தொடங்க, விசாரணைப் பிரிவும் ஒரு கப்பலை அமர்த்தியது. பிப்ரவரி 3 அன்று, 70 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. சாலாவின் உடல் மீட்கப்பட்டது. விமானியின் உடல் கிடைக்கவே இல்லை.

ஆக, விசாரணையாளர்களின் கையில் இருந்தவை சொற்பம். ரேடார் பதிவுகள், வானிலைத் தரவுகள், கட்டுப்பாட்டு அலுவலரோடு விமானி பேசிய உரையாடல், தொலைவிலிருந்து இயக்கப்படும் நீர்மூழ்கிக் கருவி எடுத்த காணொளி ஆகியவற்றை விட்டால் வேறு பெரிதாக எதுவும் இல்லை. விமானத்தின் உடல் மூன்று துண்டுகளாகி, மின்கம்பிகளும் கட்டுப்பாட்டுக் கம்பிகளும் மட்டுமே அவற்றைப் பிணைத்திருக்க, கடலடியில் கிடந்தது என்பதைக் காணொளி காட்டியது. புலனாய்வின் போக்கையே திருப்பியது ஓர் எண். சாலாவின் இரத்தத்தில் இருந்த ஹீமோகுளோபினில் 58 விழுக்காடு கார்பன் மோனாக்சைடோடு பிணைந்திருந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கே 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அளவு உயிருக்கு ஆபத்தானதாகக் கருதப்படுகிறது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான நாட்டத்தோடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முழு அறிக்கைக்குக் காத்திராமல், 2019 ஆகஸ்ட் 14 அன்றே சிறப்பு அறிவிக்கை ஒன்றில் இதை விசாரணைப் பிரிவு வெளியிட்டுவிட்டது. மற்ற விமானிகளுக்குப் பயன்படக்கூடிய எச்சரிக்கையைக் கோப்பில் பூட்டிவைக்காத அந்த முடிவு பாராட்டத்தக்கது.

அறிக்கையின் உண்மையான சிறப்பு, இந்த எண்ணை அது கையாண்ட விதத்தில் இருக்கிறது. பயணியின் இரத்தத்தில் இவ்வளவு நச்சு என்றால் விமானியும் மயங்கிக் கிடந்திருப்பார், ஆளில்லா விமானம் போலப் பறந்து விழுந்திருக்கும் என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதியவர்களும் உண்டு. ஆனால் ரேடார் தடமும் வானொலி உரையாடலும் வேறு கதை சொன்னதால் விசாரணையாளர்கள் அந்த எளிய வழியில் போகவில்லை. மேகத்தை விட்டு விலகி, கண்ணால் பார்த்துப் பறக்கும் நிலையில் இருப்பதற்காகக் கீழிறங்க அனுமதி கேட்ட ஒருவர், கடைசிக் கட்டத்திலும் ஓரளவு செயல்படும் நிலையில் இருந்திருக்க வேண்டும் என்று அறிக்கை வாதிடுகிறது. அவர் கையால் இயக்கித் திருப்பும்போது கட்டுப்பாட்டை இழந்தார். விமானம் அதன் வடிவமைப்பு தாங்கக்கூடிய திருப்பு வேகத்தை வெகுவாகத் தாண்டி வானிலேயே உடைந்தது. அவரும் அநேகமாக நச்சால் பாதிக்கப்பட்டிருந்தார். அறிக்கையின் இந்த மூன்று முடிவுகளில் ‘அநேகமாக’ என்ற சொல் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். விமானியின் இரத்தம் சோதிக்கப்படவில்லை. எனவே அவரைப் பற்றிய கூற்றில் அச்சொல் இருக்கிறது. விமானம் உடைந்ததைக் காணொளி காட்டியது. எனவே அந்தக் கூற்றில் அது இல்லை. நாளிதழ்கள் கைவிட்டுவிட்ட இந்த நாணயத்தை ஓர் அரசு ஆவணத்தில் காண்பது வியப்பாகவே இருந்தது.

குறைகளும் உண்டு. நடை மிக வறண்டது. சுருக்கெழுத்துகள் பக்கத்துக்குப் பக்கம் குவிகின்றன. வானூர்தித் துறையைச் சாராத வாசகர் தொடக்கத்திலுள்ள சுருக்கத்தையும் இறுதியிலுள்ள முடிவுகளையும் படித்துவிட்டு, பிறகு நச்சுவாயு பற்றிய பகுதிக்குப் போவது நல்லது. பிஸ்டன் விமானங்கள் பலவற்றில் எஞ்சின் புகைக்குழாயின் வெப்பத்தைக் கொண்டே அறை சூடேற்றப்படுகிறது என்பதையும், குழாயில் விரிசல் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் விளக்கும் அப்பகுதி ஒரு பாடநூலுக்குச் சமம். புகை உள்ளே கசிந்தது எந்த இடத்தில் என்று மட்டும் அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனெனில் எஞ்சின் கடலடியிலேயே விடப்பட்டது. பிப்ரவரியில் மோசமான வானிலை மீட்புப் பணியைத் தடுத்தது. பின்னர் சாலாவின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபோதும், மீட்பதால் விசாரணைக்குக் குறிப்பிடத்தக்க பயன் இராது என்று பிரிவு மறுத்துவிட்டது. செலவும் ஆபத்தும் உண்மை என்றாலும், புகைக்குழாயே மையமான ஒரு விசாரணையில் அந்தக் குழாயைக் கையில் எடுத்துப் பார்க்காதது என் கணக்கில் பெரிய குறைதான்.

இன்னொரு குறை அமைப்பின் இயல்பிலேயே உள்ளது. பன்னாட்டு விதிப்படி இத்தகைய விசாரணையின் நோக்கம் விபத்தைத் தடுப்பது மட்டுமே, பழி சுமத்துவது அல்ல. விமானிக்கு இரவில் பறக்கும் தகுதி இல்லை. அவருடைய உரிமத்தில் இவ்வகை விமானத்துக்கான தகுதி 2018 நவம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல அவருக்கும் அனுமதி இல்லை, விமானத்துக்கும் இல்லை. இவற்றையெல்லாம் அறிக்கை ஒளிக்காமல் எழுதுகிறது. ஆனால் பயணத்தை ஏற்பாடு செய்தவரின் பொறுப்பு என்ன என்று தேடுபவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2021இல் கார்டிஃப் நீதிமன்றம் அவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கள்ளத்தனமான வாடகைப் பறப்பின் பொருளாதாரத்தை அறிக்கை இன்னும் ஆழமாகத் துருவியிருக்கலாம் என்று தோன்றினாலும், அதற்கு இது தவறான கடை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விமானத்தில், ஒலியாலோ ஒளியாலோ எச்சரிக்கும் கார்பன் மோனாக்சைடு உணர்கருவி இல்லை. அது இருந்திருந்தால் விமானி நேரத்தோடு நடவடிக்கை எடுத்திருக்கக்கூடும் என்ற அடிப்படையில், இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கும்படி அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு அறிக்கை பரிந்துரைத்தது. புதிய யோசனையும் அல்ல அது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பிடம் 2004இலேயே இதைக் கேட்டது. 1982 முதல் 2020 வரை இந்த நச்சால் 31 விபத்துகள் நேர்ந்து 42 பேர் இறந்ததைச் சுட்டிக்காட்டி 2022இல் மறுபடியும் கேட்டது. பிரிட்டனில் மட்டும், விமானி தகுதி இல்லாத பயணிகளை ஏற்றிச் செல்லும் பிஸ்டன் விமானங்களில் இயங்கும் உணர்கருவி இருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியாகப் பறக்கும் விமானிக்கு இன்றும் அந்தக் கட்டாயம் இல்லை.

இதை நான் அறிந்துகொண்டது அறிக்கையிலிருந்து அல்ல. தரவிறக்கிய கோப்பு 2020இலேயே நின்றுபோயிருக்கிறது. பரிந்துரைகளுக்கு என்ன பதில் வந்தது என்று பார்க்க, பிரிவு ஆண்டுதோறும் வெளியிடும் பாதுகாப்பு மீளாய்வையும் ஒழுங்குமுறை அமைப்பின் ஆணைகளையும் தனித்தனியே தேட வேண்டும். அறிக்கை இருக்கும் அதே பக்கத்தில், ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே ஏற்கப்பட்டதா இல்லையா என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை அல்ல. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். பிடித்துவைத்த ஒன்று அந்த வரிக்காக.