புத்தகயாவுக்கு 45 நிமிஷம் பத்தாது, ரெண்டு ராத்திரியாவது தங்குங்க

சென்னைல இருந்து காசி, கயா, பிரயாக்ராஜ்னு பேக்கேஜ் டூர் போறவங்க எல்லாருக்கும் இதை சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. புத்தர் ஞானம் பெற்ற இடமான புத்தகயாவுக்கு நான் ரெண்டு தடவை போயிருக்கேன். முதல் தடவை போனத போனதாவே நான் கணக்குல வெச்சுக்கறது இல்ல.

அப்பா தவறி வருஷாப்தீகம் முடிஞ்ச கையோட தம்பி கயால பிண்டம் போடணும்னு சொன்னான், சரின்னு இங்க ஒரு டூர்காரங்ககிட்ட பணம் கட்டினோம், பேர் வேண்டாம். நோட்டீஸ்ல "புத்தகயா தரிசனம்"னு பெருசா போட்டிருந்தாங்க. கயால காரியம் எல்லாம் முடிய மதியம் ரெண்டு ஆயிடுச்சு, பசி, களைப்பு, அதோட பஸ்ஸ நேரா புத்தகயாவுக்கு விட்டு "எல்லாரும் முக்கால் மணி நேரத்துல வந்துடணும், ராத்திரிக்குள்ள காசி போய் சேரணும்"னு சொல்லி இறக்கி விட்டாங்க. உள்ள போன் கொண்டு போகக் கூடாதுன்னு யாரும் முன்னாடியே சொல்லல, கவுன்டர்ல போன் கொடுக்கற க்யூலயே 25 நிமிஷம் போச்சு. அதுக்கப்புறம் செக்கிங். அம்மாவுக்கு முட்டி வலி, கோயில் ரோட்ட விட பள்ளத்துல இருக்கு, படி இறங்கணும், அவங்க பாதி படி இறங்கறதுக்குள்ள மேல இருந்து விசில். கர்ப்பகிரகத்துல புத்தர எட்டிப் பாத்துட்டு ஓடி வந்தோம். போதி மரத்த நாங்க பாக்கவே இல்ல, அது கோயிலுக்குப் பின்பக்கம் இருக்குன்னே பஸ்ல ஏறினப்புறம்தான் தெரிஞ்சுது. அம்மா வழி முழுக்க ஒண்ணும் பேசல.

எனக்கு அது ஏன் அவ்வளவு வலிச்சுதுன்னா, நான் எழும்பூர்ல 9 வருஷமா வேலை பாக்கறேன். ஸ்டேஷன் எதிர்ல கென்னட் லேன்ல மகாபோதி சொசைட்டியோட விகாரை இருக்கு, இலங்கைல இருந்து யாத்திரை வர்றவங்க அங்க தங்கிட்டுதான் வடக்க போவாங்க. காலைல நான் டீ குடிக்கற நேரத்துல வெள்ளைப் புடவை, வெள்ளைச் சட்டையோட வயசான அம்மாக்கள் கூட்டமா பையத் தூக்கிட்டு ஸ்டேஷன் பக்கம் நடப்பாங்க, முகத்துல அப்படி ஒரு சந்தோஷம் இருக்கும். அவங்க கடல் தாண்டி எந்த இடத்துக்கு போறாங்களோ அந்த இடத்துல நான் செருப்பு ஸ்டாண்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஓடிட்டு வந்தேன்.

அதனால போன ஜனவரில நானும் தம்பியும் அம்மாவ கூட்டிட்டு தனியா போனோம். பாட்னா வரைக்கும் ஃப்ளைட், அங்கிருந்து கார், 100 கிலோமீட்டருக்கு மேல வரும். டிசம்பர் ஜனவரில காலைல பனிமூட்டம் ரொம்ப மோசம், ரயிலும் ஃப்ளைட்டும் லேட் ஆகும், அதுக்கு ஒரு அரை நாள் கைல வெச்சுக்கோங்க. தங்கறதுக்கு ஹோட்டல் நிறைய இருக்கு, பூட்டான், பர்மா, தாய்லாந்துன்னு ஒவ்வொரு நாட்டுக்காரங்களும் மடம் கட்டியிருக்காங்க, சிலதுல ரூமும் கிடைக்கும். நாங்க கோயிலுக்கு நடந்து போற தூரத்துல ஒரு சின்ன ஹோட்டல் எடுத்தோம், அம்மாவுக்காக அதுதான் முக்கியம், ஏன்னா கோயில் பக்கத்துல கார் விடமாட்டாங்க, இ-ரிக்‌ஷா இல்லன்னா நடைதான்.

கோயில் காலைல 5 மணிக்கு திறக்கறாங்க. தயவுசெஞ்சு அந்த நேரத்துக்கு போங்க. போன ரூம்லயே வெச்சுட்டு போனா க்யூவே கிடையாது, நேரா செக்கிங், உள்ள போயிடலாம். உள்ள போக காசு இல்ல, கேமராவுக்கு மட்டும் தனி டிக்கெட். 2013ல அங்க குண்டு வெடிச்சது ஞாபகம் இருக்கும், அதனாலதான் செக்கிங் கொஞ்சம் கெடுபிடியா இருக்கும், கோவப்படாதீங்க. செருப்பு கழட்டிட்டு பளிங்குக் கல்லுல கால் வெச்சதும் அம்மா "ஐயோ"ன்னு கத்திட்டாங்க, ஐஸ் மாதிரி இருந்துது. அங்க எல்லாரும் சாக்ஸ் போட்டுட்டு சுத்தறாங்க, எங்களுக்குத் தெரியல, அடுத்த நாள் ரோட்டோரக் கடைல கம்பளி சாக்ஸ் வாங்கினோம்.

இப்ப கோயில பத்தி. நம்ம ஊர் கோபுரம் பாத்து வளந்த கண்ணுக்கு இது வேற மாதிரி இருக்கும். முழுக்க செங்கல். அடில அகலமா ஆரம்பிச்சு மேல போகப் போக ஒடுங்கி நேரா கூம்பு மாதிரி சுமார் 50 மீட்டர் உயரம் போகுது, வரிசை வரிசையா மாடம். கிமு 3ஆம் நூற்றாண்டுல அசோகர் இந்த இடத்துல முதல்ல ஒரு கோயில் கட்டினார், இப்ப நிக்கறது 5, 6ஆம் நூற்றாண்டு கட்டடம். நடுவுல பல நூறு வருஷம் கேட்பாரில்லாம சிதைஞ்சு போய், பர்மா ராஜா ஆள் அனுப்பி ரிப்பேர் ஆரம்பிச்சு, அப்புறம் 1880கள்ல பிரிட்டிஷ்காரங்க காலத்துல முடிச்சாங்க. 2002ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. உள்ள இருக்கற புத்தர் பால வம்ச ராஜாக்கள் காலத்து கருங்கல் சிலை, மேல தங்கப் பூச்சு, வலது கை விரல் தரையத் தொட்டபடி உட்கார்ந்திருப்பார், ஞானம் பெற்றப்ப பூமிய சாட்சிக்கு கூப்பிட்ட அந்த நிமிஷம். சின்ன இடம்தான், பத்து பேர் நின்னாலே நெருக்கம், ஆனா காலைல 5:15க்கு எங்க மூணு பேரோட சேர்த்து ஏழு பேர்தான் இருந்தோம், யாரும் "நகருங்க நகருங்க"ன்னு தள்ளல, அம்மா நின்னு நிதானமா பாத்தாங்க.

பின்னாடி வந்தா மரம். நம்ம அரச மரம்தான், தெருக்கோடில பிள்ளையார் உட்கார்ந்திருப்பாரே அதே மரம், ஆனா இங்க மரத்துக்கே பட்டு சுத்தி, தாழ்ந்த கிளைகளுக்கு இரும்புத் தூண் முட்டுக் கொடுத்து, சுத்தி கல் வேலி போட்டு வெச்சிருக்காங்க. புத்தர் உட்கார்ந்த அதே மரம் இல்ல இது, அதோட வம்சம்னு சொல்லணும். 1876ல புயல்ல பழைய மரம் சாஞ்சதுக்கப்புறம் பிரிட்டிஷ் தொல்லியல் அதிகாரி கன்னிங்ஹாம் அதே இடத்துல கன்னு வெச்சு வளந்த மரம். அசோகரோட பொண்ணு சங்கமித்தை கிளை எடுத்துட்டுப் போய் அனுராதபுரத்துல நட்டது இன்னும் இருக்குன்னு இலங்கைக்காரங்க அந்த மரத்த கும்பிடறாங்க, அங்கிருந்து தாய் மரத்தோட இடத்தப் பாக்க இங்க வர்றாங்க.

மரத்துக்கும் கோயில் சுவருக்கும் நடுவுல வஜ்ராசனம், புத்தர் உட்கார்ந்து ஞானம் பெற்ற இடத்தக் காட்டற கல் ஆசனம். இதப் பாத்ததும் எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு, காரணம் எழும்பூர் மியூசியம். ஸ்கூல்ல இருக்கும்போது அப்பா என்னைய பாந்தியன் ரோடு மியூசியத்துக்கு கூட்டிட்டு போய் அமராவதி சிற்பம் காட்டினார். கிட்டத்தட்ட 2000 வருஷம் பழசு, வெளுத்த கல்லு. அதுல ஒண்ணுல மேல ஒரு மரம், கீழ ஒரு காலியான ஆசனம், சுத்தி ஆளுங்க கை கூப்பி நிக்கறாங்க. "ஆள் எங்கப்பா"ன்னு கேட்டேன். அந்தக் காலத்துல நிறைய இடத்துல புத்தர உருவமா செதுக்காம ஆசனம், பாதம், மரம்னு காட்டுவாங்கன்னு சொன்னார். அந்தக் கல்லுல பாத்த அதே காட்சி இங்க என் முன்னாடி, மரம், கீழ வழவழன்னு ஒரு கல் பலகை, யாரும் உட்காரல, சுத்தி ஆளுங்க கை கூப்பி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டே இருந்தேன். அப்பா இருந்திருந்தா என்னவெல்லாம் சொல்லியிருப்பார்.

முதல் நாள் காலைல நாங்க மூணு மணி நேரம் அங்கயேதான் இருந்தோம். திபெத் ஆளுங்க மரப்பலகை போட்டு அதுல நெடுஞ்சாண்கிடையா விழுந்து விழுந்து எழுந்திருக்காங்க, கைக்கு சின்ன துணி உறை, பலகைல கை சறுக்கற ரெண்டு தடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுது. அந்தப் பக்கம் இலங்கைக் கூட்டம் சாது சாது சாதுன்னு சேர்ந்து சொல்றாங்க. இன்னொரு பக்கம் தாய்லாந்து பிக்குகள் பாலி மொழில ஓதறாங்க. இத்தனை சத்தத்துக்கு நடுவுல ஒரு இலை விழுந்துது. பழுத்த இலை, வால் நுனி நீளமா, காத்துல ஆடி ஆடி இறங்குது, நாலஞ்சு பேர் எழுந்து ஓடினாங்க, கடைசில அது எங்கம்மா மடில வந்து விழுந்துச்சு. அம்மா அத எடுத்து கண்ணுல ஒத்திக்கிட்டு, ஓடி வந்த ஒரு சின்ன பொண்ணு பாத்துட்டே நிக்குதேன்னு அதுகிட்ட கொடுத்துட்டாங்க. எனக்குன்னா கொடுத்திருக்க மனசு வந்திருக்காது. வெளில கடைல ஃப்ரேம் போட்டு இலை விக்கறாங்க, அத வாங்கித் தரேன்னு சொன்னேன், வேண்டாம்னுட்டாங்க.

வளாகத்துக்குள்ளயே ஞானம் பெற்ற பிறகு புத்தர் ஏழு வாரம் எங்கெங்க இருந்தார்னு ஒவ்வொரு இடத்துலயும் பலகை வெச்சிருக்காங்க. எனக்கு பிடிச்சது ரெண்டாவது வாரம், நின்ன இடத்துல இருந்து இமை கொட்டாம மரத்தையே ஒரு வாரம் பாத்துட்டு இருந்தாராம், நிழல் கொடுத்ததுக்கு நன்றியா. தாமரைக் குளத்து நடுவுல, மழைல புத்தருக்கு முசலிந்தன்ங்கற பாம்பு ராஜா குடை பிடிக்கற சிலையும் அழகு, ஆனா நிஜ முசலிந்தக் குளம் இது இல்ல, கொஞ்ச தூரத்துல கிராமத்துக்குள்ள இருக்கு.

ரெண்டாம் நாள் ஆத்தத் தாண்டி சுஜாதா ஸ்தூபம் போனோம். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமா இருந்தவருக்கு பால்சோறு கொடுத்த பொண்ணு. பெரிய செங்கல் மேடு, கூட்டமே இல்ல, சுத்தி வயல். போற வழில பாலத்து மேல தம்பி வண்டிய நிறுத்தச் சொன்னான். கீழ ஆறு, பேருக்குத்தான் ஆறு, முக்காவாசி மணல். இது நிரஞ்சனா, புத்தர் குளிச்ச ஆறு. இதே ஆறுதான் கொஞ்சம் தள்ளி மோகனா ஆத்தோட சேர்ந்து பல்குனின்னு பேர் மாறி கயாவுக்குள்ள போகுது, விஷ்ணு பாதத்துக்கு பக்கத்துல நாம பிண்டம் போடறமே அதே தண்ணி. ரெண்டுக்கும் நடுவுல 10, 12 கிலோமீட்டர்தான். "அப்பாவுக்கு இதுலதானக்கா கொடுத்தோம்"னு தம்பி சொன்னான். இதத்தான் டூர்காரங்க நமக்கு சொல்லணும். கயா வந்தோம், காரியம் முடிஞ்சுது, புத்தகயா சைட் சீயிங்னு பிரிச்சு வெச்சா எப்படி? அங்க அட்சய வடம்னு ஆலமரம், இங்க அரச மரம், ஒரே ஆத்தங்கரை.

சிலருக்கு புத்த கோயிலுக்கு நாம ஏன் போகணும்னு இருக்கும். சோழர் காலத்துல நாகப்பட்டினத்துல விகாரை இருந்த ஊர் நம்மளுது, அங்க கிடைச்ச வெண்கல புத்தர்கள இன்னிக்கும் எழும்பூர் மியூசியத்துல பாக்கலாம். அயோத்திதாசர் 1898ல இதே சென்னைல சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பிச்சவர். நமக்கு அந்நியமே இல்ல. இந்தக் கோயில் நிர்வாகத்துல 1949 சட்டப்படி இந்து, பௌத்த உறுப்பினர்கள் ரெண்டு தரப்பும் இருக்காங்க, முழுசா பௌத்தர்கள்கிட்ட கொடுக்கணும்னு போராட்டமும் நடக்குது, அவங்க கேக்கறதுல நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

குறைன்னா வெளில ரோடுதான். மாலை விக்கறவங்க, ஸ்கூலுக்கு நன்கொடைன்னு கூடவே வர்ற பசங்க, இ-ரிக்‌ஷா பேரம், கொஞ்சம் தலைவலி, ஏறறதுக்கு முன்னாடியே வாடகை பேசிடுங்க. சாப்பாடு நம்ம ருசிக்கு கஷ்டம், அம்மா ரொட்டி பருப்புலயே மூணு நாள் ஓட்டினாங்க. ஆனா கயா தில்குட் கட்டாயம் வாங்குங்க, எள்ளும் வெல்லமும் உலக்கையால குத்தி செய்யறது, வாயில போட்டா பொரபொரன்னு உதிரும். 80 அடி புத்தர் சிலை பாக்கலாம், அரை மணி நேரம் போதும். மே, ஜூன்ல போகாதீங்க, வெயில்ல அந்தப் பளிங்குல கால் வைக்க முடியாது.

போன வாரம் அம்மாவ ஊருக்கு அனுப்ப எழும்பூர் ஸ்டேஷன் போனோம். கென்னட் லேன் முனைல வெள்ளைப் புடவைக் கூட்டம் ஒண்ணு வேனுக்கு நின்னுட்டு இருந்துது. அம்மா என் கைய விட்டுட்டு நேரா அவங்ககிட்ட போய் "புத்தகயாவா?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு தமிழ் தெரியல, ஆனா அந்த வார்த்தை புரிஞ்சுது, எல்லாரும் சிரிச்சுட்டே தலைய ஆட்டினாங்க. அம்மா குனிஞ்சு தன் பாதத்தக் காட்டி, ரெண்டு கையாலயும் சாக்ஸ் மாட்டற மாதிரி செஞ்சு காட்டினாங்க. அதுல ஒரு பாட்டி தன்னோட பையத் திறந்து, சுருட்டி வெச்சிருந்த கம்பளி சாக்ஸ எடுத்துக் காட்டினாங்க.