மேடனில் தற்காப்புப் பிளேபுக்: 46, 4-3, 3-4, எது எடுக்கலாம்?

மேடன் என்எஃப்எல் என்ற அமெரிக்க ஃபுட்பால் வீடியோ கேம் விளையாடத் தொடங்கும் எல்லோரும் முதலில் அலசுவது தாக்குதல் பிளேபுக்கைத்தான், அதாவது பந்து நம்மிடம் இருக்கும்போது அழைக்கும் திட்டங்களின் தொகுப்பை. எந்த அணியின் பாஸ் நன்றாக இருக்கிறது, எந்த ஓட்டம் தடுக்க முடியாதது என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். தற்காப்புப் பிளேபுக்கோ பிடித்த அணிக்கு என்ன வந்ததோ அதுவாகவே கிடக்கும். ஆட்டத்தில் ஏறக்குறைய பாதி நேரம் பந்து எதிராளியிடம்தான் இருக்கும். அந்த நேரத்தில் நம் கையில் என்ன இருக்கிறது என்பதை ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்க ஃபுட்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தற்காப்பில் 11 பேர். முன்னால் நின்று மோதுகிறவர்கள் லைன்மேன்கள், அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர்கள், பின்களத்தில் கார்னர்பேக்கும் சேஃப்டியும். 4-3 என்றால் நான்கு லைன்மேன், மூன்று லைன்பேக்கர். 3-4 என்றால் அது அப்படியே தலைகீழ். இரண்டிலும் பின்களத்துக்கு நான்கு பேர் மிஞ்சுவார்கள். அங்கே ஐந்தாவது ஆள் வந்தால் நிக்கல், ஆறாவது ஆள் வந்தால் டைம். ஐந்து சென்ட் நாணயத்தின் பெயரும் பத்து சென்ட் நாணயத்தின் பெயரும்தான் இவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேபுக்கின் தலைப்பில் இருக்கும் எண்ணைப் பார்த்து எடுக்காதீர்கள். அதைத் திறந்து நிக்கல் பக்கங்களைப் பாருங்கள். ஆன்லைனில் எதிராளி பெரும்பாலும் மூன்று ரிசீவர்களோடுதான் (வீசும் பந்தைப் பிடிக்க ஓடுபவர்கள்) வருவார். நிஜ என்எஃப்எல்லிலும் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) இன்று தற்காப்பு அணிகள் பாதி நேரத்துக்கும் மேல் ஐந்து பேரைப் பின்களத்தில் வைத்துத்தான் ஆடுகின்றன. 4-3, 3-4 என்ற சண்டையெல்லாம் எதிராளி இரண்டு ரிசீவர்களோடு நிற்கும்போது மட்டும் வருவது.

இதை நான் கற்றுக்கொண்டது 46 பிளேபுக்கில். அதன் பின்னணியே ஆளை இழுக்கும். பயிற்சியாளர் பட்டி ரயன் வடிவமைத்த தற்காப்பு அது. டக் பிளாங்க் என்ற சேஃப்டியின் சட்டை எண்தான் 46. ஆட்களின் எண்ணிக்கைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. 1985 பருவத்தில் சிகாகோ பேர்ஸ் இதை வைத்து ஆடி 15 வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. பிளேஆஃப்பில் முதல் இரண்டு எதிராளிகளும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. சூப்பர் பவுலில் (லீகின் இறுதிப்போட்டி) நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் ஓட்டத்தில் மொத்தம் 7 யார்டுதான் சேர்த்தது. ஸ்கோர் 46-10.

விளையாட்டிலும் அதன் பலம் அதேதான். எதிரணியின் சென்டர், இரண்டு கார்டுகள் என நடுவில் நிற்கும் மூவர் மேலும் ஆளுக்கொரு லைன்மேன் உட்கார்ந்துவிடுவார். ஒரு சேஃப்டியும் முன்னால் இறங்க, எட்டுப் பேர் பந்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். நடுவில் ஓட நினைப்பவருக்குச் சுவர்தான். எதிராளி ஓட்டத்தையே நம்பி வருபவராக இருந்தால் இதைப் போல் சுகமான பிளேபுக் வேறில்லை.

ஆனால் அந்த ஒரே தோல்வியைப் பாருங்கள். 1985 டிசம்பர் 2, மியாமி. குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) டான் மரீனோவின் டால்ஃபின்ஸ் மூன்று ரிசீவர்களை அகலமாகப் பரப்பி நிறுத்தியது. உள்பக்கத்தில், அதாவது ஸ்லாட்டில், அனுபவசாலி நாட் மூர். அவரைத் துரத்த வேண்டிய நிலைக்கு வந்தவர்கள் சேஃப்டியும் லைன்பேக்கரும். ஸ்கோர் 38-24. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுக்கு முன் நடந்த அந்த இரவுதான் இன்று ஆன்லைனில் தினமும் நடக்கிறது. எட்டுப் பேரை முன்னால் நிறுத்திய பின் ஸ்லாட்டில் வேகமான ரிசீவர் நின்றால் அவருக்கு நம்மிடம் ஆள் இல்லை. நானும் பல வாரம் இப்படித்தான் தோற்றேன். குறுக்கே ஓடும் ஒரே ரூட் (ரிசீவர் ஓடும் பாதை), ஆட்டத்துக்கு நாலைந்து தடவை. கடைசியில் அந்தப் பிளேபுக்கில் நான் நிக்கல் மட்டுமே அழைத்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் 46 எதற்கு?

அடுத்தது 4-3. இதை நான் தொடக்கக்காரர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். காரணம் எளிது: நான்கு லைன்மேன்கள் தாங்களாகவே குவார்ட்டர்பேக்கை நெருக்கினால் மிச்சம் ஏழு பேரும் பின்னால் நிற்கலாம், பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள் பாய்வது) அனுப்பி யாரையும் இழக்க வேண்டாம். இந்தச் சிந்தனையின் உச்சம் டாம்பா 2. இரண்டு சேஃப்டிகள் ஆளுக்குப் பாதி ஆழத்தைப் பார்க்க, நடு லைன்பேக்கர் பின்னோக்கி ஓடி அவர்களுக்கு இடையில் இருக்கும் ஓட்டையை அடைப்பார். பயிற்சியாளர்கள் டோனி டன்ஜியும் மோன்ட்டி கிஃபினும் டாம்பா பேயில் வளர்த்தது. டன்ஜி போன பின், 2003 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில், அந்தத் தற்காப்பு ரெய்டர்ஸ் வீசிய ஐந்து பந்துகளைப் பறித்து அதில் மூன்றை டச்டவுனாகவே திருப்பியது.

மேடனில் இதற்கு ஒரு வசதி உண்டு. நாம் கட்டுப்படுத்தும் ஆளாக அந்த நடு லைன்பேக்கரையே எடுத்துக்கொள்ளலாம். நடுவில் நாம் நின்றால் பாதி ரூட்டுகளுக்கு நாமே பதில். ஆனால் அவருக்கு வேகம் இருக்க வேண்டும். மெதுவான லைன்பேக்கரை வைத்துக்கொண்டு டாம்பா 2 அழைத்தால் நேர் நடுவில் பந்து இறங்கும். முன்வரிசையில் நல்ல எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக் மேல் பாய்கிறவர்) இல்லாத அணிக்கும் இது வேண்டாம். குவார்ட்டர்பேக்குக்கு நான்கு விநாடி கிடைத்தால் எந்தக் கவரேஜும் (ரிசீவர்களுக்கு எதிரான காவல்) கிழியும்.

4-3 பிளேபுக்கின் குறை, அது மனதைத் திறந்து காட்டிவிடும். வருவது அந்த நான்கு பேர்தான் என்று எதிராளிக்கு முதல் கால்பகுதியிலேயே தெரிந்துவிடும். 3-4 ஜெயிப்பது இந்த இடத்தில். மூன்று லைன்மேன் வருவது நிச்சயம். நான்காவது யார் என்பது கேள்வி. இடது பக்கத்து வெளி லைன்பேக்கரா, வலது பக்கத்தவரா, நடுவில் நிற்பவரா? பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் தற்காப்புப் பயிற்சியாளர் டிக் லபோ இதை வைத்தே ஸோன் பிளிட்ஸை ஒரு கலையாக்கினார்: ஒரு பக்கத்திலிருந்து எதிர்பாராத ஆளை அனுப்பி, மறுபக்கம் பாய வேண்டியவரைப் பின்னுக்கு இழுப்பது.

2009 பிப்ரவரியில் அரிசோனா கார்டினல்ஸுக்கு எதிரான சூப்பர் பவுல் நினைவிருக்கும். முதல் பாதியின் கடைசி பிளே, கோட்டுக்கு மிக அருகில் கார்டினல்ஸ். ஸ்டீலர்ஸின் வெளி லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசன், அணிக்கு அழைக்கப்பட்ட திட்டப்படி, பாய்ந்திருக்க வேண்டும். அவர் பாயவில்லை, பின்வாங்கினார். கர்ட் வார்னர் வீசிய பந்து நேராக அவர் கையில். மறுமுனை வரை 100 யார்டு ஓடி டச்டவுன். ஸ்டீலர்ஸ் கடைசியில் 27-23 என்று வென்றது.

அதே காரியத்தை விளையாட்டில் நாம் ஒவ்வொரு பிளேயிலும் செய்யலாம். ஸ்நாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணம்) முன் ஒரு வெளி லைன்பேக்கரைத் தேர்ந்தெடுத்து, பாய்கிறவரை ஸோனுக்கு (ஒரு பகுதியைக் காக்கும் வேலைக்கு) மாற்றிவிட்டால் போதும். திரையில் எதிராளி பார்க்கும் படம் மாறாது. நம்மிடம் வேலை மட்டும் மாறியிருக்கும்.

அப்புறம் 3-4 பிளேபுக்குகளில் நிக்கல் பக்கம் பொதுவாகவே செழிப்பு. 2-4-5, 3-3-5 (லைன்மேன், லைன்பேக்கர், பின்களம் என்ற வரிசை) என்று நிற்கும் முறைகள் பல. இது ஏன் முக்கியம் என்றால், ஆடிபிள் (பிளே தொடங்கும் முன் கடைசி நேரத் திட்ட மாற்றம்) போட்டு அமைப்பை மாற்றலாமே தவிர, களத்தில் நிற்கும் ஆட்களை மாற்ற முடியாது. எதிராளி ஹடில் (பிளேக்கு முன் கூடிப் பேசுவது) இல்லாமல் ஆட ஆரம்பித்தால் நாம் கடைசியாக அனுப்பிய ஆட்களோடுதான் சமாளிக்க வேண்டும். அப்போது ஒரே நிக்கல் அமைப்பு வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். மூன்று நாலு வைத்திருப்பவர் மூச்சு விடுவார்.

இதிலும் வலி உண்டு. 2-4-5இல் முன்னால் இருப்பது இரண்டே லைன்மேன். புத்திசாலியான எதிராளி நேராக நடுவில் ஓடி ஓடி ஐந்தைந்து யார்டாக எடுப்பார். லைனை உள்ளே நெருக்கி நிறுத்துங்கள், இல்லையென்றால் அடுத்த தடவை மூன்று லைன்மேன் இருக்கும் அமைப்பை அழையுங்கள். இன்னொன்று, உங்கள் அணி 4-3க்காகக் கட்டப்பட்டதாக இருந்தால் 3-4 பிளேபுக் போட்டதும் கவரேஜுக்காக எடுத்த லைன்பேக்கர் பாய்கிறவர் இடத்தில் நிற்பார், பாய வேண்டியவர் உள்ளே சிக்கிக்கொள்வார். டெப்த் சார்ட்டை (யார் எந்த இடத்தில் ஆடுவார் என்ற பட்டியல்) திறந்து அதைச் சரி செய்யாமல் முதல் ஆட்டத்துக்குப் போகாதீர்கள்.

மல்டிப்பிள் டி என்ற பொதுப் பிளேபுக்கும் இருக்கிறது. எல்லாவற்றிலும் கொஞ்சம் தரும். பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், தவறில்லை. ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டுவதிலேயே நேரம் போகிறது என்பது என் அனுபவம். ஒவ்வொரு ஆண்டு பதிப்பிலும் உள்ளடக்கம் மாறும் என்பதால் போன வருடப் பட்டியலை நம்பியும் எடுக்க வேண்டாம். கஸ்டம் பிளேபுக் கட்டலாம்தான். எதை அடிக்கடி அழைக்கிறோம் என்று தெரிந்த பிறகு கட்டினால் பலன்.

எனக்கு 3-4. மூன்றாவது டவுன் (முயற்சி), எட்டு யார்டு வேண்டும், எதிராளி மூன்று ரிசீவர்களோடு நிற்கிறார் என்றால் 2-4-5, கவர் 3 (ஆழத்தை மூவர் பிரித்துக் காப்பது). வலது வெளி லைன்பேக்கரைக் கையால் பின்னுக்கு இழுத்து ஸ்லாட் பக்கம் விடுகிறேன், நடு லைன்பேக்கர் ஒருவரை அனுப்புகிறேன், குறுக்கே வரும் ரூட்டுக்கு நானே காத்திருக்கிறேன். 46இல் என்னை அத்தனை வாரம் அடித்த அதே ரூட்தான். இப்போது அங்கே இரண்டு பேர் நிற்கிறோம்.