கிறிஸ்துமஸுக்கு ஆள் வருகிறது: வீட்டிலேயே செய்வதா, வாங்குவதா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் மற்ற நாளில் ஐந்து பேர். கிறிஸ்துமஸுக்குப் பதினாறு பேர் ஆகிவிடும். சென்னையிலிருந்து கொழுந்தன் வீட்டில் நாலு பேர், பெங்களூரிலிருந்து மதினி வீட்டில் ஐந்து பேர், மதுரையிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும். ரயில் முன்பதிவை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டதால், யார் எந்த வண்டியில் வருகிறார்கள் என்பது அக்டோபர் கடைசியில்தான் உறுதியாகிறது. அதற்கப்புறம் கையில் இருப்பது எட்டு வாரம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அத்தைக்கு எழுபது வயது.

இத்தனை வருஷத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டேன். வீட்டில் செய்தால் நல்லது, கடையில் வாங்கினால் மட்டம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது. அந்த வேலை நாலு பேரைச் சேர்ந்து உட்கார வைக்கிறதா, இல்லை ஒருத்தியை மட்டும் அடுப்படியில் நிற்க வைக்கிறதா என்று பார்த்தால் போதும். முக்கால்வாசி முடிவு அதிலேயே கிடைத்துவிடும்.

பலகாரத்திலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் பேச நிறைய இருக்கிறது. எங்கள் பக்கம் முந்திரிக்கொத்து இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது சிறுபயறு. பயறை வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்து எடுத்து, மாவாகத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுத்து, எள், ஏலம், சுக்கு எல்லாம் சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றிக் கிளற வேண்டும். சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். அத்தை பாகை ஊற்றியதும் சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லார் கையும் ஒரே நேரத்தில் இறங்கும். உள்ளங்கை சிவந்துபோகும், யாரும் நிறுத்த மாட்டார்கள். அப்புறம் மஞ்சள்பொடி போட்ட மாவுக் கரைசலில் மூன்று மூன்று உருண்டையாக முக்கி எண்ணெயில் விட்டால், ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வரும்.

இதையே கடையிலும் வாங்கலாம். நெல்லையிலும் நாகர்கோவிலிலும் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் ஒருத்தர் தனியாகச் செய்யவே முடியாத பலகாரம் இது, குறைந்தது நாலு பேர் வேண்டும். அதனாலேயே இதை வீட்டில்தான் செய்ய வேண்டும் என்பேன். டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை என்று நாள் குறித்து, பக்கத்துத் தெருவில் இருக்கிற சித்தியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுவிடுகிறோம். பாகும் தேங்காயும் சரியாக அமைந்தால் கிறிஸ்துமஸ் தாண்டியும் கெடாமல் இருக்கும்.

அச்சுமுறுக்கு அப்படி இல்லை. எண்ணெயில் சூடேறிய அச்சை மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். மேல் விளிம்பு வரை முக்கிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. ஒவ்வொன்றாக ஒரே ஆள் அடுப்பு முன்னால் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். அது வருஷா வருஷம் அத்தையாகவே இருந்தது. “முட்டி வலிக்குல்லா அத்த, இந்த வருஷம் வாங்கிருவோமா?” என்று கேட்டபோது உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் அவர்களே, “சரிட்டி, முறுக்கு வாங்கிக்கோ. கொத்துல மட்டும் கை வைக்காத” என்றார்கள். அதிலிருந்து முறுக்கைத் தெருவிலேயே சுட்டுக் கொடுக்கிற ஒரு அம்மாவிடம் சொல்லி வைக்கிறோம்.

மக்ரூனை வீட்டில் முயலவே வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான், ஆனால் மழைக்கால ஈரக்காற்று பட்டால் நமத்துப்போகும். தூத்துக்குடி பேக்கரிக்காரர்களின் கைப்பழக்கம் நமக்கு வராது. அங்கே வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். கேக்கும் வாங்குவதுதான்.

அடுத்தது சுவர். எங்களுடையது பழைய வீடு, பின்பக்கச் சுவர் சுண்ணாம்புக் காரை. எமல்ஷன் அடித்தால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பிள்ளைகள் கை பட்ட அழுக்கை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளை. ஆனால் ஈரம் ஏறுகிற சுவரில் எமல்ஷன் தோல்போல மூடிக்கொண்டு உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது, கொப்புளம் கட்டி உரியும். சுண்ணாம்பு ஈரத்தை விட்டுவிடும். ஒருமுறை எமல்ஷன் அடித்துவிட்டால் அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் ஹாலுக்கும் முன்னறைக்கும் எமல்ஷன், பின்சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு என்று பிரித்துக்கொண்டோம்.

எதை அடிப்பது என்பதைவிட எப்போது அடிப்பது என்பதுதான் பெரிய கேள்வி. ஊரே டிசம்பரில்தான் அடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுவர் காயாது. 2023இல் நாங்களும் மூன்றாவது வாரத்துக்கு வைத்திருந்தோம். டிசம்பர் 17, 18 மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. பலகாரத்துக்கு வாங்கி வைத்திருந்த அரிசியும் வெல்லமும் ஆற்றோரம் வீடு மூழ்கினவர்களுக்குப் போயின, எங்கள் வீட்டுச் சுவர் பொங்கலுக்குத்தான் காய்ந்தது. அதற்குப் பிறகு பெயின்ட் வேலையெல்லாம் செப்டம்பரிலேயே முடிந்துவிடுகிறது. டிசம்பரில் ஒட்டடை அடித்துக் கழுவி விடுவது மட்டும்தான்.

நட்சத்திரத்துக்கு மூங்கில் பிளாச்சும் கலர் காகிதமும்தான் என் ஓட்டு. பிளாஸ்டிக் எல்.இ.டி. நட்சத்திரம் மழைக்குத் தாங்கும், ஐந்து நிமிஷத்தில் மாட்டிவிடலாம், பத்து வருஷம்கூட வரும். ஆனால் பிளாச்சைச் சீவி நூலால் கட்டி, பசை தடவி ஒட்டுகிற அந்த ஒரு சாயங்காலம்தான் என் மகனும் அவன் தாத்தாவும் முழுசாகச் சேர்ந்து இருக்கிற நேரம். முன்பெல்லாம் குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகிவிடுமோ என்று பயம் இருந்தது. இப்போது உள்ளே சின்ன எல்.இ.டி. பல்பு போட்டால் சூடே இல்லை. மேலே ஒரு பாலித்தீன் உறை போட்டால் தூறலுக்கும் தாங்கும். மரத்துக்குச் சவுக்குக் கிளையா, பிளாஸ்டிக்கா என்றால், 20ஆம் தேதிக்குப் பிறகு வெட்டி வந்து மணல் வாளியில் நடுவதானால் சவுக்கு. அதற்கு முன்பே வைக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக், சவுக்கு பத்து நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும்.

படுக்கை விஷயத்தில் மட்டும் மனசு சங்கடப்படும். சொந்தக்காரர்களை லாட்ஜில் தங்கவைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிறோம். ஆனால் எங்கள் கோயிலில் 25ஆம் தேதி ஆராதனை விடியற்காலை 4.30 மணிக்கு. பதினாறு பேர், இரண்டு குளியலறை, ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றாலும் 80 நிமிஷம். இரண்டரைக்கே விளக்கைப் போட வேண்டும். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, கட்டிலும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் இல்லாமல் முடியாது. எங்கள் வீட்டில் இரண்டும் இந்தியன் டாய்லெட். போன வருஷம் அவர்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்ததை இரண்டாம் நாள்தான் கவனித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வருஷம் நடக்கிற தூரத்தில் ஒரு லாட்ஜில் கீழ்த்தள அறை, இரவு மட்டும். பகல் முழுக்க நம் வீட்டில்தான். மற்றவர்களுக்கு ஹாலில் பாயும் ஜமுக்காளமும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும், வரிசையாகப் படுத்துக்கொண்டு தூங்காமல் பேசுவதற்கு.

சாப்பாட்டில் காலை டிபனுக்கு இடியாப்பம் சொல்லி வைத்துவிட்டு, ஆட்டுக்கறி ஸ்டூ மட்டும் முந்தின இரவே வீட்டில் வைத்துவிடுகிறோம். கோயிலிலிருந்து வரும்போது எல்லாருக்கும் கொலைப்பசியாக இருக்கும், அந்த நேரத்தில் ஆப்பச்சட்டி முன்னால் யாரும் நிற்க முடியாது. மதியப் பிரியாணிக்கு மூன்று வழி: வீட்டு அடுப்பில் வைப்பது, மாஸ்டரை வரவழைத்து மாடியில் விறகடுப்பில் வைப்பது, பார்சல். பதினாறு பேருக்கு இரண்டு கிலோ சீரகச்சம்பா போதும். நான் விசாரித்த மாஸ்டர் ஐந்து கிலோவுக்குக் குறைந்து வரமாட்டேன் என்றார். அப்போதுதான் சித்தி வீடும் எதிர்வீடும் சேர்ந்து மூன்று வீட்டுக்கும் ஒரே அண்டாவாக வைக்கலாம் என்று முடிவானது. பார்சல் பிரியாணி மோசமில்லை, ஆனால் அன்றைக்கு எப்போது வந்து சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

தீபாவளிக்கு அதிரசம் அனுப்பின வீடுகளுக்குப் போகிற தட்டில் முறுக்கு, கேக், மக்ரூன் எல்லாம் கடையில் வாங்கினதாக இருக்கலாம். நடுவில் இருக்கிற முந்திரிக்கொத்து நம் வீட்டு அடுப்பில் சுட்டதாக இருக்க வேண்டும்.

இன்னும் முடிவாகாதது ஒன்றுதான். 23ஆம் தேதி, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வருகிற கீத பவனி எங்கள் தெருவுக்கு வர இரவு பன்னிரண்டு மணி ஆகிவிடும், முப்பது பேராவது இருப்பார்கள். சுக்குக் காப்பியை ஒன்பது மணிக்கே போட்டுப் பெரிய பிளாஸ்கில் ஊற்றி வைக்கலாம் என்கிறேன் நான். பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அடுப்பை மூட்டினால் போதும் என்கிறார்கள் அத்தை. மழையில் நனைந்து வருகிற பிள்ளைகளுக்கு ஆவி பறக்கக் கொடுக்க வேண்டுமாம்.