ராயர் கண்ணால் ஆடுவதா, ஜெயிக்க ஆடுவதா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் இரண்டு லேப்டாப்பில் ஒரே கேமைத் தொடங்கினோம். ஒன்று எனக்கு, இன்னொன்று பள்ளியிலிருந்து கூடவே இருக்கும் என் நண்பனுக்கு. கேம் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4, ஒரு நாட்டை எடுத்து நூற்றாண்டுக்கணக்கில் நடத்தும் கேம். நாடு விஜயநகரம். 1444 நவம்பர் 11 அன்று திரை திறக்கும்போது அரியணையில் இரண்டாம் தேவராயர் இருக்கிறார். 1821 வரை ஆடலாம். மூன்று வாரம் கழித்து இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவன் 1560-க்கு வந்திருந்தான்; குமரியிலிருந்து காபூல் வரை ஒரே நிறம். நான் 1530-இல் இருந்தேன். ராய்ச்சூர் ஒருமுறை கைக்கு வந்து, ஒருமுறை போய், மறுபடி வந்திருந்தது. ஒடிசாவின் கஜபதிகளோடு இரண்டு போர். கருவூலத்தில் கடன்.

“இத்தனை நாளா என்னடா பண்ணிட்டிருந்த?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அன்றைக்கு அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

சாம்ராஜ்யம் கட்டும் கேம்களை ஜெயிக்க ஆடலாம், நிஜம்போல ஆடலாம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். எனக்கு அது மூன்றாகத் தெரிகிறது. “நிஜம்போல” என்பதற்குள்ளேயே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வழிகள் இருக்கின்றன. நடந்த வரலாற்றை அப்படியே திரும்ப நடத்திக் காட்டுவது ஒன்று. அந்த அரசருக்கு என்ன தெரிந்திருந்ததோ, எது தேவைப்பட்டதோ, அதை மட்டும் வைத்து முடிவெடுப்பது இன்னொன்று. நான் இந்தக் கடைசி வழியின் ஆள். அதற்கு முன் நண்பனின் பக்கத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

யூரோப்பாவில் ஜெயிக்க ஆடுவது சுலபமான வேலை இல்லை. அக்கம்பக்கத்து நாடுகளை வேகமாக விழுங்கினால் மற்றவர்களின் அச்சம் எண்ணாக ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் எல்லோரும் கூட்டணி கட்டி ஒன்றாக மேலே விழுவார்கள். எனவே இந்தப் போரில் யாரிடம் எத்தனை மாகாணம் எடுத்தால் தாங்கும், அடுத்த போர் எந்தத் திசையில், எந்தச் சமாதான ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று தலையில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரியூக்யூ என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டைக் கொண்டு உலகம் முழுவதையும் பிடித்தால் ‘மூன்று மலைகள்’ என்ற சாதனை கிடைக்கும். முன்பு சேமித்து வைத்த பழைய கட்டத்துக்கு, அதாவது பழைய சேவுக்கு, திரும்ப முடியாத அயர்ன்மேன் முறையில் அதை முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அளவுக்கு இந்த கேமின் உள் இயந்திரத்தை நான் ஒருநாளும் புரிந்துகொள்ளப் போவதில்லை. கேமை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்க்க ஆசைப்படுபவருக்கு ஜெயிக்க ஆடுவதே சரியான வழி.

ஆனால் அவன் கேமில் 1520-க்குப் பிறகு எதிரி என்று சொல்ல யாரும் இல்லை. மீதி நாற்பது ஆண்டும் நிறம் பூசும் வேலை. இன்னொன்றும் கவனித்தேன். 1470 வாக்கிலேயே மேற்குக் கரையில் பெரிய கப்பற்படை கட்டத் தொடங்கியிருந்தான். ஏன்? 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வருவார் என்று அவனுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் அவன் பக்கம் சண்டை போடுகிறது. ராயரிடம் அந்தப் புத்தகம் இல்லை.

ராயரிடம் இருந்தது குதிரைக் கவலை. தெற்கே நல்ல போர்க்குதிரை வளர்வதில்லை. அரேபியாவிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் கப்பலில் ஏறி மேற்குக் கரைத் துறைமுகங்களில் வந்து இறங்க வேண்டும். வடக்கே பாமினி சுல்தான்களின் குதிரைப்படை நிற்கிறது. அதற்கு ஈடு கொடுக்கத்தான் தேவராயர் முஸ்லிம் வில்லாளிகளையும் குதிரைவீரர்களையும் தன் படையில் சேர்த்துக்கொண்டார். யூரோப்பாவில் குதிரை வணிகம் என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: மேற்குக் கரைத் துறைமுகம் கையில் இல்லாத காலத்தில் ஒரு குதிரைப்பிரிவுகூடப் புதிதாகச் சேர்க்கக் கூடாது. இந்த ஒரே விதி கேமின் முகத்தையே மாற்றிவிட்டது. அதுவரை கரையோரத்தில் கிடந்த பட்கல் போன்ற சின்னத் துறைமுகங்கள் திடீரென்று உயிர்நாடி ஆகிவிட்டன. ஒரு துறைமுகத்தை இழந்த வருடம் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. காபூலைப் பிடித்த நண்பனுக்கு அந்தக் கலக்கம் ஒருமுறைகூட வரவில்லை.

அப்போ வரலாற்றை அப்படியே நகல் எடுக்கும் வழி? அதையும் முயன்று பார்த்தேன். வருடக் குறிப்புகளை நோட்டில் எழுதி வைத்து, அதன்படியே போர், அதன்படியே சமாதானம். 1565-க்கு வந்தபோது மாட்டிக்கொண்டேன். தலைக்கோட்டைப் போரில் தக்காண சுல்தான்களிடம் நான் தோற்க வேண்டும். வேண்டுமென்றே படையைக் கொண்டுபோய் நிறுத்திப் பலி கொடுக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், இதைவிட நிஜமில்லாத காரியம் உண்டா? அன்று விஜயநகரப் படையை நடத்திய அலிய ராமராயர் தோற்கவா போனார்? தக்காண சுல்தான்களை ஒருவருக்கு எதிராக ஒருவரைத் திருப்பிவிட்டே ஆண்டுக்கணக்கில் காரியம் சாதித்தவர் அவர். அவர்கள் ஒன்றுசேர்வார்கள் என்று அவர் நம்பக் காரணம் குறைவு. தள்ளாத வயதில் தானே களத்துக்குப் போனார் என்றால், ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில்தான். நகல் எடுக்கிறவன் அவர் அடைந்த முடிவை எடுத்துக்கொள்கிறான், அவருடைய காரணங்களை விட்டுவிடுகிறான். எனக்கு வேண்டியது அந்தக் காரணங்கள். இந்த வழியை அத்தோடு விட்டுவிட்டேன்.

அரசரின் கண்ணால் ஆடுவதில் ஒரு கஷ்டம் உண்டு: மேற்பார்க்க ஆள் கிடையாது. நீங்களே விதி போட்டு நீங்களே காப்பாற்ற வேண்டும். இரவு ஒரு மணிக்கு, தோற்ற போருக்குப் பிறகு, பழைய சேவை எடுக்கலாமா என்று கை அரிக்கும். இங்கேதான் க்ரூசேடர் கிங்ஸ் 3 மற்ற கேம்களைவிட உசத்தி என்பேன். 2020-இல் வந்த அந்த கேமில் நீங்கள் ஒரு நாடு இல்லை, ஒரு மனிதர். இரக்க குணம் உள்ளவராக இருந்துகொண்டு கைதியின் தலையை வெட்டச் சொன்னால் மன அழுத்தம் ஏறும். ஏறிக்கொண்டே போனால் மனிதர் உடைந்துபோவார். குணத்துக்கு ஒத்து ஆடுவதையே லாபமாக்கி வைத்திருக்கிறார்கள். 1066-இல் தொடங்கினால் சோழ அரியணையில் வீரராஜேந்திரன். நிஜத்தில் 1070-இல் அவர் இறந்தார். மகன் அதிராஜேந்திரன் கொஞ்ச காலம்கூட நிலைக்கவில்லை. வேங்கியிலிருந்து வந்த குலோத்துங்கன் அரியணை ஏறினார். ஜெயிக்க ஆடுகிறவர் இங்கே என்ன செய்வார்? நாடு பங்குபோகாமல் இருக்க ஒரு மகனை வைத்துக்கொண்டு மற்றவர்களை ஒதுக்குவார், சிலசமயம் கொல்லவும் செய்வார். கணக்குப்படி சரி. நான் ஆடியபோது என் அரசருக்கு இளைய மகன்மேல் பாசம் அதிகம் என்று கேமே ஒரு நிகழ்வில் காட்டியது. அவனுக்கு நாட்டில் பாதியைக் கொடுத்தேன். அடுத்த தலைமுறையில் அண்ணன் தம்பி சண்டை, முப்பது வருடம் ஓடியது. அந்தக் குடும்பத்தை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன்.

நாகரிகம் கட்டும் சிவிலைசேஷன் வரிசை இதற்கு நேர் எதிர். பந்தயத்துக்கென்றே செய்த கேம். அதில் நிஜத்தைத் தேடுவது வீண் என்றுதான் இருந்தேன். ஆறாவது பாகத்தில் காட்டை வெட்டினால் அந்தக் கணமே மொத்தமாக உற்பத்தி கிடைக்கும், ஜெயிக்கிறவர்கள் எல்லோரும் வெட்டித் தள்ளுவார்கள். 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கம் என் எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்தது. நிலக்கரி எரித்தால் புவி சூடாகி, கடல் மட்டம் ஏறி, தாழ்வான கரையோரக் கட்டங்கள் மூழ்கும். ஆனால் மூழ்குவது பெரும்பாலும் வேறு யாருடைய கரையோ என்பதால், ஜெயிக்க ஆடுகிறவர் எரித்துக்கொண்டே போகலாம்.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, வடக்கே நகரும் மணல் தெற்குப் பக்கம் தேங்கி மெரினா அகலமானது. இந்தப் பக்கம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் தின்றது. கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதை ரயிலிலிருந்தே பார்க்கலாம். அதனால் சிவிலைசேஷனில் எனக்கு இப்போது ஒரே ஒரு சொந்த விதிதான்: கரையோரக் கட்டம் ஒன்று மூழ்கினால், அது யாருடைய நாடாக இருந்தாலும், அன்றைக்கே ஒரு நிலக்கரி மின்நிலையத்தை மூட வேண்டும். இந்த விதியோடு நான் இதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: அதை ஜெயிக்க மட்டும் ஆடுங்கள். 2022-இல் திராவிடர் என்ற பிரிவு வந்தபோது எல்லோரும் சுருள்வாள் வீசும் உருமி வீரர்களையும் திரிசடைக் கப்பலையும் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். நைட் என்ற கனமான குதிரைப்படை அவர்களுக்குக் கிடையாது. தென்னாட்டுக் குதிரைக் கவலையைக் கேமே உள்ளே வைத்திருக்கிறது, அது போதும். பள்ளி முடிந்து பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து எட்டுப் பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிய கேம் அது. அங்கே ஒருவன் “என் ராஜா சமாதானப் பிரியர்” என்று சும்மா உட்கார்ந்தால் கூட்டாளியின் இருபது ரூபாய் போய்விடும். வியாசர்பாடி தெருமுனையில் கேரம் போர்டைச் சுற்றி நிற்கும்போது யாராவது சிவப்பை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பார்களா? எதிரில் மனிதர் உட்கார்ந்திருந்தால் முழு பலத்தோடு ஆடுவதுதான் அவருக்குக் கொடுக்கும் மரியாதை.

சரி, அரசரின் கண்ணால் ஆடுவதில் என்னையே தடுத்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. விக்டோரியா 3 என்ற கேம், 1836 முதல் 1936 வரை. அதில் கிழக்கிந்தியக் கம்பெனியாகவே ஆடலாம். என் விதிப்படி கம்பெனிக்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் கண்ணுக்கு ஏற்றுமதி தெரியும், வரி தெரியும். வாழ்க்கைத்தரம் என்ற எண் திரையில் ஓர் ஓரத்தில் இருக்கும். நான் தானியத்தை விலை கிடைக்கும் இடத்துக்கு அனுப்பினேன். அந்த எண் கீழே இறங்கியது. கேமின்படி தவறே இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்த பஞ்சத்திலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டியது அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலைதான். அப்போதைய கவர்னர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. அதே கால்வாயின் வடக்குப் பகுதியைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் ஸ்டான்லி மருத்துவமனை. என் பாட்டிக்கு அங்கேதான் வைத்தியம் பார்த்தோம். அன்று இரவு கம்பெனி கேமை மூடிவிட்டேன். ஜெயிக்க ஆடுகிறவன் அதைத் தொடர்ந்திருப்பான், அவனுக்கு அது ஓர் எண். நகல் எடுக்கிறவனும் தொடர்ந்திருப்பான், அவனுக்கு அது நடந்து முடிந்த சங்கதி. அந்த ஆளின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்தவனால் மட்டும் முடியவில்லை. இந்த வழியின் பெரிய குறை இதுதானா, பெரிய பலம் இதுதானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நண்பனிடம் கடைசியில் பேசியது 1639 பற்றி. இந்தப் பகுதியின் தலைவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், பின்னால் சென்னை ஆன ஒரு மணல் துண்டைக் கம்பெனிக்குக் கொடுத்தார். “லூசா அவரு? நான்னா கொடுத்திருக்க மாட்டேன்” என்றான். அவர் இடத்தில் நின்று பார் என்றேன். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை. தெற்கே சாந்தோமில் போர்ச்சுகீசியர். இரண்டு துறைமுகத்திலும் காசு புழங்குகிறது, நடுவில் உன் கரை வெறும் மணல். மேலே இருக்கும் விஜயநகர அரசோ பழைய பலம் போய் நிற்கிறது. மூன்றாவதாக ஒரு வெள்ளைக்காரன் வந்து கடை போடுகிறேன் என்கிறான், வரியில் உனக்கும் பங்கு. நூற்றிருபது வருடம் கழித்து பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு, பீரங்கிக்குக் குறி தெரிய வேண்டும் என்று கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளுவார்கள், சனங்கள் முத்தியாலுப்பேட்டைப் பக்கம் நகர்வார்கள், அந்தக் காலி இடத்தில் ஒருநாள் ஹைகோர்ட் எழும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் புதுக் கேம் தொடங்கலாம் என்றான்: அவன் விஜயநகரம், நான் பாமினி, இருவருக்கும் ஒரே விதி, அரசருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. எதிரெதிரே மனிதர்கள் என்பதால் போரில் மட்டும் முழு பலம். இரண்டு பேரின் வழியும் கலந்த ஏற்பாடு, இதுவரை ஆடியதில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

யூரோப்பாவுக்கு 2018-இல் வந்த தர்மா விரிவாக்கத்தில், ஐரோப்பிய நாடுகள் பணம் கொடுத்து இந்தியக் கரையில் ஒரு மாகாணத்தை வாங்கிக்கொள்ள வழி உண்டு. நேற்று ராத்திரி, கேமில் 1512, போர்ச்சுகல் அவனிடம் அப்படி ஒன்றைக் கேட்டது. அவன் கேமை நிறுத்தி வைத்துவிட்டு ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சி, என் ராயருக்கு இவங்க யாருன்னு தெரியுமாடா?”

“குதிரை கொண்டு வர்றாங்கன்னு தெரியும்.”

துறைமுகத்தைக் கொடுத்துவிட்டான்.